சுத்தியல் விழுமுன்

நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாம் பொருளுக்கு வந்துவிட்டார்கள். பகல் உணவு முடிந்து அரங்கம் பாதித் தூக்கத்தில் இருந்தது. கோமதிநாயகத்தின் வலக்கை மேசைமேல், தன் நாட்டின் பெயர்ப்பலகைக்கு நாலு விரற்கடை தள்ளி, ஏதோ வேறொருவர் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. இந்த மன்றத்தில் பேச விரும்புகிறவர் கை தூக்குவதில்லை, எழுந்து நிற்பதில்லை, தொண்டையைச் செருமுவதுகூட அநாகரிகம். படுக்கைவாட்டில் இருக்கும் பலகையை எடுத்து நெட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பலகை படுத்திருந்தால் அந்த நாட்டுக்குச் சம்மதம். நின்றால் அந்த நாட்டுக்கு ஏதோ சொல்ல இருக்கிறது. ஒரு சாண் நீளமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் துண்டு, பச்சைக் குழந்தைகூட நிமிர்த்திவிடும். ஒன்பதாம் பொருளில் ஆறு உட்பிரிவுகள், அவருடையது ஐந்தாவது. ஐந்தாவது வரும்போது நிமிர்த்தினால் போதும், இப்போதே ஏன் உள்ளங்கை வேர்க்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டார். நைரோபியில் ஆடி மாதத்தில் வேர்க்காது. காலையில் விடுதியிலிருந்து வரும்போது கோட்டுக்குமேல் சால்வை சுற்றிக்கொண்டுதான் வந்தார். வெளியே புல்தரையில் அந்த நீண்ட மூக்குப் பறவைகள் யாரோ அடித்ததுபோலக் கத்திக்கொண்டிருந்தன, இரட்டைக் கண்ணாடியையும் மீறி அது கேட்டது. கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். உட்பிரிவு ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கப் பயிற்சி மையங்களின் பாடத்திட்டம். தலைவர் அம்மையார் கண்ணாடிக்கு மேலாக இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். ஆட்சேபணை உண்டா? இல்லை. அப்படியே முடிவாயிற்று. டொக். சுத்தியலின் சத்தம் அவர் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

கேட்டால் ஏதோ சாம்ராஜ்யம் மாதிரி இருக்கிற இந்த அரசுகளிடைச் சிறுதொழில் மன்றத்தை ஆள்வது மூன்றே மூன்று கூட்டங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை எல்லா உறுப்பு நாடுகளும் கூடுகிற பேரவை, அதில் தேர்ந்தெடுத்த நாற்பத்தொரு நாடுகள் ஆண்டுக்கு இருமுறை உட்காரும் ஆளுகை வாரியம், வாரியம் படிக்கச் சோம்பல்படும் தாள்களையெல்லாம் படிப்பதற்காக வைத்திருக்கும் திட்டக் குழு. இவற்றுக்குக் கீழே செயலகம், அதன் உச்சியில் தலைமை இயக்குநர். கீழே என்பது ஒரு மரியாதைக்குத்தான், எழுதுகிறவர்கள் அவர்கள், தலையாட்டுகிறவர்கள் இவர்கள். ஓட்டெடுப்பு என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அதை யாரும் கேட்பதில்லை, கேட்டால் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சண்டை போட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். எல்லாம் ஒருமித்த கருத்து. அந்த ஒருமித்த கருத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதுதான் அதன் அழகும். நாற்பத்தொன்றில் ஒரே ஒரு நாடு பலகையை நிமிர்த்தி, இதில் எங்களுக்குச் சங்கடம் இருக்கிறது என்று சொன்னால் போதும், அந்தப் பிரிவு அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். காரணம்கூட விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த அமர்வு மார்ச் மாதம். எட்டு மாதம். தங்கை உலகம்மாள் கேட்டதும் அந்த எட்டு மாதத்தைத்தான். அதற்குள் விசைத்தறிக்காரர்கள் சங்கம், ஐந்தாம் உட்பிரிவு மூடச் சொல்கிற சத்திரப்பட்டி ஆய்வுக்கூடத்தைத் தானே ஏற்று நடத்த அனுமதி வாங்கிவிடும், விண்ணப்பம் சென்னையில் பாதி தூரம் போய்விட்டது. இன்று சுத்தியல் விழுந்துவிட்டால் மாதக் கடைசியில் கதவைப் பூட்டிக் கருவிகளை லாரியில் ஏற்றிவிடுவார்கள். தில்லியிலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே வரி இருந்தது, தேவையெனக் கருதினால் தூதுக்குழு தன் விவேகப்படி பேசலாம். தூதுக்குழு என்றால் யார், அவர்தான், பக்கத்து நாற்காலி காலி, கூட வந்திருந்த அதிகாரி வயிற்றுக் கோளாறோடு விடுதியில் படுத்திருந்தார். விவேகம். முப்பது வருட உத்தியோகத்தில் அந்தச் சொல்லைக் கண்டாலே அவர் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார்.

உட்பிரிவு இரண்டுக்குப் பிரெஞ்சில் ஒருவர் நீளமாகப் பேச ஆரம்பித்தார், காதுக்குழாயில் மொழிபெயர்ப்பாளரின் களைத்த குரல். கோமதிநாயகம் கேட்கவில்லை. அவர் சத்திரப்பட்டியில் இருந்தார். நல்ல வெயில், தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம், கம்பிக் கொடிகளில் வெளுத்த பேண்டேஜ் துணி மைல் கணக்கில் தொங்குகிறது, உலகத்தில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் அதைக் கட்டுவதற்கு நாங்கள் தயார் என்பதுபோல. அந்தத் தெருவின் கோடியில் மன்றத்தின் ஆய்வுக்கூடம், மஞ்சள் கட்டடம், பதினோரு பேர். ஆறு தறி வைத்திருக்கிறவனும் எட்டுத் தறி வைத்திருக்கிறவனும் துணியை அங்கேதான் கொண்டுவருவான். சான்றிதழ் இல்லாமல் ஒரு முழம்கூட எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. பெரிய மில்காரனுக்கு அவனுக்கென்று சொந்த ஆய்வுக்கூடம் உண்டு, இவனுக்கு இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் போனபோது உலகம்மாள் அவருக்கு ஒரு சோதனையைக் காட்டினாள். ஒரு சின்னத் துணித்துண்டை மடித்துத் தண்ணீர்மேல் மெதுவாகப் போட்டாள், கையில் நிறுத்துகடிகாரம். "பத்து விநாடிக்குள்ள முங்கணும்ணே. முங்கலைன்னா ரத்தத்த உறிஞ்சாது, மெழுகு ஒட்டியிருக்குன்னு அர்த்தம். பாக்கதுக்கு எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும், தண்ணியிலதான் தெரியும்." துணி ஒரு கணம் மிதந்தது, யோசிப்பதுபோல, பிறகு ஓரத்தில் நனைந்து, சாய்ந்து, நாலாவது விநாடியில் அடியில் போய்ப் படுத்தது. அவள் முகத்தில் அப்போது இருந்த கர்வத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்துக்கே அவள்தான் பொறுப்பு. இடது காது கேட்காது என்பதால் பேசுகிறவர் தன் வலது பக்கம் இருக்கும்படி வந்து நிற்பாள், அதை யாரும் கவனிக்காதபடி வெகு இயல்பாகச் செய்வாள். அவர் கவனித்தார். கவனித்துவிட்டு, துணி ஏன் மூழ்கவேண்டும் என்று, அவள் சொல்லிமுடித்ததையே மறுபடி கேட்டார்.

டொக். இரண்டு முடிந்தது. மூன்றாவது, களஅலுவலகங்களின் ஆண்டறிக்கை வடிவம், அதற்கு யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள். சொல்லவேண்டிய வாக்கியம் ஒரு தாளில் இருந்தது, நேற்றே எழுதியது, மூன்று வரி. நன்றி, தலைவர் அவர்களே, உட்பிரிவு ஐந்தில் முன்மொழியப்பட்டுள்ள ஆய்வுக்கூட ஒருங்கிணைப்பை மேலும் பரிசீலிக்க எங்கள் தூதுக்குழுவுக்கு அவகாசம் தேவை. குற்றம் ஒன்றும் இல்லாத வாக்கியம். அப்புறம் ஏன் அதைப் படிக்கும்போதெல்லாம் பின்வரிசையில் யாரோ சிரிப்பதுபோல இருக்கிறது? தெரிந்துவிடும். இன்று இல்லாவிட்டால் நாளை, செயலகத்தில் யாராவது ஒருவன் பணியாளர் பட்டியலைப் புரட்டுவான், சத்திரப்பட்டி, பொறுப்பாளர் உலகம்மாள், தகப்பன் பெயர் சண்முகவேல், அட, தூதுக்குழுத் தலைவரின் தகப்பன் பெயரும் அதேதானே. தங்கச்சி வேலைக்காக ஒரு வாரியத்தையே நிறுத்தினான் என்பார்கள். பத்திரிகையில் வரும். வராது. வந்தாலும் உள்பக்கத்தில் வரும். முப்பது வருடம் ஒரு புகார் இல்லாமல் இருந்தவன் என்று ஓய்வு விழாவில் சொல்வதற்கு இருப்பது அது ஒன்றுதான், அதுவும் போய்விடும். ஆனால் அவளுக்காகவா கேட்கிறோம், நூற்றுநாற்பது சின்னத் தறிக்காரர்களுக்காக அல்லவா? அப்படியானால் அவள் அங்கே இல்லாவிட்டாலும் கேட்டிருப்பாயா? கேட்டிருக்கமாட்டாய். அந்தப் பட்டியலில் மூடப்படுகிற மற்ற மூன்று ஆய்வுக்கூடங்களின் பெயர்கூட உனக்குத் தெரியாது. தெரியும், ஒன்று நேபாளத்தில், ஒன்று... ஒன்று எங்கேயோ. இப்படி மனசு சுற்றிச் சுற்றி, கிணற்றைச் சுற்றி வந்த மாடு மாதிரி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. சரி, அவளுக்காகத்தான், அதில் என்ன பாவம்?

தங்கச்சிக்காக என்று சொல்லிவிடுவார்கள் என்ற சாக்கையும் அவள் பகல் உணவு நேரத்தில் பிடுங்கிவிட்டாள். அவர் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, ஒரு நிமிசம் பேசலாமா?" என்றாள். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள், அவருடைய நிமிஷங்கள் ஏதோ அரசாங்க முத்திரை போட்டவை மாதிரி. "சொல்லும்மா" என்றார். "உங்களுக்கு ஏன் தயக்கம்னு எனக்குத் தெரியும்ணே. தங்கச்சிக்காகப் பேசுனான்னு ஒரு சொல் வந்துரும்னு நெனைக்கீங்க. அது வரப்படாது. அதான், இன்னைக்குக் காலையில எழுதிக் குடுத்துட்டேன்." "என்ன குடுத்துட்ட?" "ராஜினாமா. மெயில்ல ஏத்துக்கிட்டோம்னு பதிலும் வந்துருச்சு. இப்ப நான் அங்க யாருமில்ல. நீங்க தாராளமாப் பேசலாம்." அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "உனக்குப் பைத்தியமா உலகு? பத்து வருசம் சர்வீஸ் பாக்கி இருக்கு. இனி என்ன செய்வ?" என்றார், கோபமாக, தன்னை யாரோ தள்ளிவிட்டதுபோல. அவள் சிரித்தாள். "ஊசி நூல் வச்சாவது பொழைச்சுக்கிடுவேன், நீங்க அதப் போட்டு அலட்டாதீங்க. கூடம் இருக்கணும்ணே. ஆறு தறி வச்சிருக்க மாரியப்பண்ணன் மாதிரி ஆளுக எங்க போவாக? அத மட்டும் பாருங்க." பிறகு, குரலை இறக்கி, "ஒரே ஒரு வார்த்தண்ணே" என்றாள். பேசுகிறேன் என்று அவர் சொன்னாரா? சொன்னதாகத்தான் ஞாபகம். பாக்கலாம் என்று சொல்லியிருக்கவும் கூடும். போனை வைத்தபின் அவருக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, கண்ணில் நீர் நின்றது, அது ஆத்திரம் இல்லை என்று அவருக்கே தெரியும். ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தையும் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்துவிட்டாள்.

மூன்றாவது எப்போது முடிந்தது? நாலாவதைப் பற்றி யாரோ ஒரு திருத்தம் சொல்கிறார், ஒரு காற்புள்ளியை நகர்த்தவேண்டுமாம், அதற்கு இரண்டு நாடுகள் ஆதரவு. பக்கத்து இருக்கை இந்தோனேசியப் பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள், முகம் சரியில்லை என்று பட்டிருக்கும். அவர் வாங்கி வாயில் போட்டார், இஞ்சி காரம் நாக்கைச் சுட்டது, உடனே அந்தப் பந்தல், வெற்றிலைத் தட்டு, சீவலோடு சேர்ந்த ஏதோ ஒரு சுக்குக் காரம். இருபத்தேழு வருடம். உலகம்மாளின் நிச்சயதார்த்தத்துக்கு உறவெல்லாம் கூடியிருந்தது. அவர் புதுசாக வேலையில் சேர்ந்து லீவு போட்டு வந்தவர், எல்லாருக்கும் அவர்மேல் ஒரு கண். மாப்பிள்ளை வந்து இறங்கியதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கல்லூரி விடுதியில் இரண்டு அறை தள்ளி இருந்தவன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் ரசம் சிந்திவிட்டது என்று பரிமாறுகிறவரை, தகப்பன் வயசு ஆள், கரண்டியாலேயே முகத்தில் அடித்தான். அடித்துவிட்டு மறுபடி தட்டில் குனிந்து நிதானமாகச் சாப்பிட்டான், அந்த நிதானம்தான் அவருக்கு மறக்கவில்லை. தட்டு மாற்றுவதற்கு முன் அப்பா நிமிர்ந்து, "பெரியவன் என்ன சொல்லுதான்? அவனையும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். உள்ளே கதவோரத்தில் உலகம்மாளும் நின்றாள், இருபத்து மூன்று வயசு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ தட்டியிருக்கிறது. அவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். ஒன்பது வெற்றிலை அடுக்குகள் இருந்தன, எண்ணினார். இவ்வளவு பேர் முன்னால், அப்பா வாக்குக் கொடுத்தபின், ஒரு பழைய ரசக் கதையைச் சொல்வதா, ஆள் திருந்தியிருக்கலாம் அல்லவா, இளம் வயசுக் கோபம் அல்லவா. மாமாதான் சிரித்துக்கொண்டே, "அவனுக்கென்ன ஆட்சேபணை இருக்கப் போகுது, தட்ட மாத்துங்க" என்றார். மாற்றினார்கள். ஒன்பதாவது வருடம் அவள் ஒரு பையோடு திரும்பி வந்தாள், இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். அன்றைக்கு நீங்கள் எதற்காகப் பேசாமல் இருந்தீர்கள் என்று இன்றுவரை அவள் கேட்டதில்லை, கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

டொக். நாலு. இப்போது. தலைவர் அம்மையார் தாளைத் திருப்பினார், தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தார், உட்பிரிவு ஐந்து, கள ஆய்வுக்கூடங்களின் ஒருங்கிணைப்பு, திட்டக் குழு மே மாதம் பரிந்துரைத்தபடி, என்று வாசித்தார். கோமதிநாயகத்துக்குக் கேட்டது. பிற்பாடு, கவனம் சிதறிவிட்டது, காதுக்குழாய் மக்கர் செய்தது, நினைவில் ஆழ்ந்துவிட்டேன் என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கப் போகிறார், ஆனால் கேட்டது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. ஆட்சேபணை உண்டா? அந்த அம்மாள் அவசரப்படுகிறவளும் அல்ல. இடது ஓரத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், நல்ல பள்ளிக்கூட வாத்தியாரம்மா மாதிரி, ஒருத்தரையும் விடாமல். ஒரு விநாடி. கை பலகைமேல் போய்விட்டது, பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி விரலில் பட்டது. இரண்டு. தூக்கினால் நாற்பது தலைகள் திரும்பும். மூன்று. அவள் கண் அவர்மேல் வந்து நின்றது, நின்று, அவர் கையைப் பார்த்தது, கொஞ்சம் காத்திருந்தது, சத்தியமாகக் காத்திருந்தது. அவர் என்ன செய்தார் என்றால், பலகையின் கோணலைச் சரிசெய்தார். மேசை விளிம்புக்கு நேராக, அழகாக, படுக்கைவாட்டிலேயே. நாலு. அவள் கண் நகர்ந்தது. அப்படியே முடிவாயிற்று. டொக்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பலகை நின்றுகொண்டிருந்தது. எப்போது தூக்கினார், யார் தூக்கியது, கை தூக்கியது. ஐயோ, இப்போதா, இப்போது எதற்கு? விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். முடிவான பிரிவை மறுபடி திறக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், இந்த மன்றத்தின் ஆயுளில் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்கலாம். கேட்டுத் தோற்கலாம். தோற்றால் அது குறிப்பேட்டில் இருக்கும், ஒரு நாடு கேட்டது, தோற்றது என்று இருக்கும், அதுவும் ஒரு வார்த்தைதானே. தலைவர் அம்மையார் திரும்பிப் பார்த்து, தாமதமாக வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரித்து, மதிப்புக்குரிய இந்தியப் பிரதிநிதிக்கு வாய்ப்பளிக்கிறேன் என்றார். ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று வரித் தாள் கையில் இருந்தது. நாற்பது முகங்கள். வாயில் இன்னும் அந்த இஞ்சித் துணுக்கு. நன்றி, தலைவர் அவர்களே, என்று தொடங்கியது அவருடைய குரல், பழகிய குரல், முப்பது வருடம் எத்தனையோ அரங்குகளில் தானாகவே ஓடிய குரல், அதற்கு அவர் தேவையே இல்லை. இந்தச் சிக்கலான பொருளைத் தாங்கள் திறமையோடு நடத்திச் செல்வதற்கு எங்கள் பாராட்டு. இந்த ஒருமித்த முடிவில் இணைவதில் எங்கள் தூதுக்குழு மகிழ்ச்சி அடைகிறது. நன்றி. விளக்கு அணைந்தது. அம்மையார் தலையசைத்தார், இந்தோனேசியப் பெண்மணி மரியாதைக்குப் புன்னகைத்தாள், எங்கோ செயலகத்து மேசையில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். மற்ற நாற்பது நாடுகளும் சும்மாதான் இருந்தன. வாயைத் திறந்து அந்தப் பூட்டை மெச்சிய நாடு ஒன்றே ஒன்று.

ஆறாவது பிரிவும் முடிந்து தேநீர் இடைவேளை விட்டார்கள். அவர் காபிக்கு நிற்காமல் நடைக்கூடத்துக் கோடியில், தீயணைப்புக் குழாய்ப் பெட்டி இருக்கும் மூலைக்குப் போய் நின்றார். உலகம்மாளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். முயற்சி செய்தேன், பெரும்பான்மை இல்லை. பொய். பேசினேன், எடுபடவில்லை. அதுவும் பொய். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன, முடிவு கடிதமாகப் போக நாலு நாளாகும், நாலு நாளில் ஏதாவது தோன்றும். போன் அதிர்ந்தது. அவள்தான். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தார்.

"அண்ணே" என்றாள். பின்னால் பேச்சொலி எதுவும் இல்லை, நாற்காலிகளை இழுத்துப்போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "கூடத்துலதான் இருக்கோம். மீட்டிங்க நேரலையில போடுதாகல்ல, பெரிய கம்ப்யூட்டர்ல வச்சு எல்லாரும் உக்காந்து பாத்தோம். தறிக்காரங்க ஒரு முப்பது பேரு வந்திருந்தாக."

அவர் கையிலிருந்த மூன்று வரித் தாளை நாலாக மடித்தார்.

"ஆரு பேசுதாகளோ அவுக மொகத்ததான் காட்டுதான். ஒரு பொம்பள மொகம், ஒரு வெள்ளக்காரன் மொகம்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. பெறவு நீங்க வந்தீங்க. திரை நெறைய. மாரியப்பண்ணன் எந்திரிச்சு நின்னு கையத் தட்டிட்டாருண்ணே. எல்லாரும் தட்டுனோம். அந்தச் சத்தத்துல நீங்க சொன்னது மொதல்ல எனக்குச் சரியாக் கேக்கல." இன்னொரு நாற்காலி இழுபட்டது. "பெறவு அவுகளுக்குத் தமிழ்ல சொல்லச் சொன்னாக. சொன்னேன்."

"உலகு" என்றார். எதிர்முனையில் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போகிற சத்தம். அவள் காத்திருந்தாள், கொஞ்ச நேரம், அவர் ஏதாவது சொல்வதற்கு இடம் விட்டு. பிறகு அவளே பேசினாள்.

"ரொம்ப இளைச்சுத் தெரியுதீங்கண்ணே. மத்தியானம் ஒழுங்காச் சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேம்மா" என்றார் கோமதிநாயகம். அன்றைக்கு அவரிடம் கேட்கப்பட்டவற்றில் அந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் உடனே பதில் சொன்னார்.